மூட்டும் சுரப்பியும்

அந்தமான் தீவுகளில் பொழுது முந்தி விடிகிறது. சென்னையில் இருள் முற்றும் பிரியாத வேளையில் இங்கே கீழ்க்கடல் வெளுத்துவிடும். வேனிற் காலத்தில் ஐந்து மணியளவிலேயே கதிரவன் எழுந்துவிடுவான். இத்துணை விரைவில் விடியும் ஊரிலே, விடிந்து ஒரு மணி நேரம் சென்ற பிறகும் விரல்களை மடக்க இயலாமல் கட்டிலிலேயே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் உளர். குடத்தைத் தூக்க முடியாது. சேலைக்கு ஊசி குத்த முடியாது. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. வெயில் ஏறிய பின் கை சற்று இளகும். மறுநாள் காலையில் மீண்டும் அதே கதைதான். இந்நோய்க்கு முடக்குவாதம் என்று பெயர்.

நாம் மருத்துவர் அல்லோம். மைய அரசின் அறிக்கைகளைத் தமிழாக்குவது நம் தொழில். முன்பொரு நாள் இந்நோய் பற்றிய சுகாதாரக் குறிப்பு ஒன்று நம் மேசைக்கு வந்தது. அதிலே நோய் அடங்கியிருக்கும் நிலையைக் குறிக்கும் ஒரு சொல்லுக்குக் 'குணம்' என்று எழுதினோம். பிறகு அதை அடித்துவிட்டுத் 'தணிவு' என்று எழுதினோம். அடித்தது ஒரு சொல்லைத்தான். ஆனால் அந்த இரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தில் எத்தனையோ பேருடைய கைகால்கள் முடங்கியிருக்கின்றன. அதனை எடுத்துச் சொல்லவே இப்பேச்சு.

முதுமையில் எலும்பு முனைகள் தேய்ந்து வலிப்பது வேறு, முடக்குவாதம் வேறு. நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. அப்படை தன் வீட்டையே பகைவன் கோட்டை என எண்ணித் தாக்கத் தொடங்கினால் விளைவது முடக்குவாதம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒருங்கே தோன்றும். ஆடவரைக் காட்டிலும் பெண்டிருக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. இளந்தாய்மாரையும் அது விடுவதில்லை.

பெண்டிருக்கு ஏன் மிகுதி? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் சுரப்பிகளின் வாயிலில் வந்து நிற்பார்கள். நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் நேரே கலக்கும் பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கில அறிஞர் வழங்கிய பெயர் அது. தூண்டி இயக்குவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இயக்குநீர் என்போரும் உண்டு. இவை மேற்சொன்ன காவற்படைக்கும் கட்டளையிடுகின்றன என்பதே நாம் அறியவேண்டிய செய்தி.

இதற்கு இயற்கையே இரு சான்றுகள் காட்டுகிறது. முதற் சான்று, கருவுற்ற தாய். எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய இளம்பெண் ஒருத்தி இருந்தாள். திருமணமான ஆண்டே அவளுக்கு இந்நோய் கண்டது. கருவுற்ற நான்காம் மாதம் முதல் வலி மெல்ல மெல்ல விலகியது. "அக்கா, முருகன் கண் திறந்துட்டான்" என்று நம் இல்லத்தாரிடம் அவள் மகிழ்ந்து சொன்னது இன்னும் செவியில் நிற்கிறது. மகப்பேற்றுக்கு மூன்று மாதம் கழித்து நோய் இருமடங்காகத் திரும்பி வந்தது. பிள்ளையைத் தூக்கிப் பாலூட்டவும் மாமியார் துணை வேண்டியதாயிற்று.

இது அவள் ஒருத்தியின் கதை அன்று. கருவுற்ற நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி தணிவதும், பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அது மீள்வதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. கருக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் பன்மடங்கு உயர்கின்றன. தந்தையின் கூறும் கலந்த கருவைத் தாயின் காவற்படை தாக்காதிருக்க வேண்டுமல்லவா? அதற்காக அப்படையின் போக்கே மாறுகிறது. பேற்றுக்குப் பின் அந்த ஹார்மோன்கள் சரசரவென இறங்க, படை மீண்டும் வாளை உருவுகிறது. அதற்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை விழுங்கினால் முடக்குவாதம் போய்விடும் என்று எவரும் எண்ணலாகாது. அளவுக்கும் காலத்துக்கும் ஏற்ப அது ஒருகால் அடக்கும், ஒருகால் தூண்டும்.

இரண்டாம் சான்று, வைகறை. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. அது அழற்சியை அடக்கும் பொருள். நள்ளிரவில் அதன் அளவு மிகக் குறைவு. விழித்தெழும் வேளையில் மிகுதி. முடக்குவாத நோயாளியின் உடலிலோ, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பின்னிரவில் பெருகுகின்றன. அவற்றை அடக்கப் போதுமான கார்ட்டிசால் அவ்வேளையில் சுரப்பதில்லை. ஆகவேதான் விடியலில் மூட்டுகள் பூட்டிக்கொள்கின்றன. 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. கத்தியை இறுகப் பிடிக்கவேண்டிய நேரமும் விரல் மடங்காத நேரமும் ஒன்றாகிவிட்டால் ஒரு தொழிலாளியின் பிழைப்பு என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இச்சான்றுகளுள் முதலாவதைக் கூர்ந்து நோக்கியவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து டாக்டர் பிலிப் ஹென்ச். 1929இல் அவரிடம் வந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சட்காமாலை கண்டது. உடனே மூட்டுவலி நீங்கியது. கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே நீங்கக் கண்டார். நோயை அடக்கும் ஏதோ ஒரு பொருளை உடலே ஆக்குகிறது என்று அவர் துணிந்தார். அவருடைய தோழர் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியின் பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1948 செப்டம்பர் 21ஆம் நாள், இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவருக்கு அப்பொருள்களில் ஒன்று முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பெற்றது. படுக்கையிலிருந்து புரளவே அரற்றியவர், சில நாளில் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற அப்பொருளுக்காக, 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும், விரைவிலேயே மற்றொரு முகம் தெரியலாயிற்று. மிகுந்த அளவில் நெடுநாள் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மென்மையாயிற்று, சர்க்கரை ஏறியது, மனமும் கலங்கியது. மருந்தை நிறுத்தினாலோ வலி திரும்பியது. அது குணமன்று, தணிவு.

எண்பது ஆண்டை நெருங்கும் அந்தப் பாடத்தை நம் கடைத்தெரு இன்னும் கற்றபாடில்லை. நாம் சொன்ன அந்த இளம்பெண், யாரோ சொன்னது கேட்டு மருந்துக்கடையில் சிறு வெள்ளை மாத்திரை வாங்கி விழுங்கலானாள். இரண்டே நாளில் கை மடங்கியது. சீட்டும் இல்லை, பரிசோதனையும் இல்லை; ஓராண்டு ஓடிற்று. பிறகு அஞ்சி ஒரே நாளில் நிறுத்தினாள். மூன்றாம் நாள் வாந்தியும் மயக்கமுமாகத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. காரணம் இதுதான்: வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி உறங்கிவிடுகிறது. திடீரென மருந்தை நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது; உயிருக்கே இடர் வரலாம். அவள் பிழைத்தாள், ஆனால் இரண்டு விரல்கள் கோணியது கோணியதுதான். 'நாட்டு மருந்து' என்று சொல்லி விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. இரண்டு நாளில் மாயம் செய்யும் பொடியை ஐயுறுவதே அறிவுடைமை.

ஸ்டீராய்டு நஞ்சு என்று கூறுகிறோம் அல்லோம். மருத்துவர் குறித்த சிறிய அளவில், குறித்த காலத்துக்கு, அது நல்ல துணை. ஆனால் நோயின் போக்கைத் தடுத்து நிறுத்தும் மருந்துகள் வேறு. அவற்றுள் முதன்மையான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் உண்பது. அறியாமல் நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கருக்காலத்திலும் கொடுக்கத்தக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவை உண்டு. ஆகவே, பிள்ளைப்பேறா மருந்தா என்று கலங்க வேண்டியதில்லை.

தீவில் வாழ்வோர்க்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2006இல் இங்கே சிக்குன்குனியா பரவியது. பலர்க்கு மூட்டுவலி மாதக் கணக்கில் நீடித்தது. எனவே, இன்றும் எந்த மூட்டு வீங்கினாலும் காய்ச்சலின் எச்சம் என்று எண்ணி நாள் கடத்துவோர் உளர். தாயகம் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று, சென்னைக்கு மூன்று நாள் கப்பற் பயணத்தை எண்ணித் தள்ளிப்போடுவோரும் உளர். இந்நோயில் முதற் சில மாதங்களே விலைமதிப்பற்றவை. அரித்த எலும்பு மீண்டும் வளராது. இரு கைகளிலும் வீக்கம் ஆறு வாரம் நீடித்தாலும், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், ஊர்ப் பயணத்துக்குக் காத்திராமல் இங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே காட்டுங்கள். பிள்ளை பெற்று மூன்று மாதமான தாய் விரல் வலி என்றால், 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லாதீர்கள்.

அந்த இளம்பெண் இன்று ஒழுங்காக மருந்துண்டு, தன் மகனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாள். "குணமாயிற்றா அம்மா?" என்று அண்மையில் கேட்டோம். "தணிஞ்சிருக்கு அண்ணா" என்றாள். நாம் அகராதியில் தேடிய சொல் அவளிடம் இருந்தது.