புது வீடா, பழைய வீடா?

(இலுப்பூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



சென்ற கார்த்திகையில் இவ்வூர் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, தெருவில் ஓட்டு வீடு ஒன்று பத்து லட்சத்துக்கு வருகிறது, ஊர்க்கோடியில் புதிதாய்க் கட்டிய மச்சு வீடும் அதே விலை. எதை வாங்கலாம்?" என்று கேட்டார். "மழை பெய்யும்போது இரண்டையும் போய்ப் பார்த்தீர்களா?" என்றேன். பார்க்கவில்லை. புது வீட்டின் வர்ணத்தை மட்டும் பார்த்திருந்தார்.

பழைய வீடு தன் குற்றங்களை மறைப்பதில்லை. ஒழுகும் இடம் சுவரில் கறையாய்த் தெரியும். கரையான் அரித்த பனைவாரையைத் தடியால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுக்கும். கிணற்றில் சித்திரையிலும் நீர் நிற்குமா என்று அண்டை வீட்டாரைக் கேட்டால் போதும்.

அதன் அபாயம் சுவரில் அன்று, பாத்தியத்தில் உள்ளது. தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகியிருப்பார். குமாரர்கள் மட்டும் கையெழுத்திட முன்வருவர். இந்துக் குடும்பமாயின், தகப்பனாரின் சுயார்ஜிதத்தில் 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி குமாரத்திக்கும் சம பங்கு உண்டு. பிதிரார்ஜித சொத்திலும் 2005-ஆம் வருஷத்துத் திருத்தம் அவளுக்குச் சம உரிமை தந்தது. அத்திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வில்லங்க சர்டிபிகேட்டில் பதிவான பத்திரங்களே தெரியும்; கலியாணமாகி வெளியூர் போன சகோதரியின் பங்கு அதில் தெரியாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

புது வீட்டுக்கு வருவோம். மனைக்கும் கட்டடத்துக்கும் அங்கீகாரம் உண்டா என்று காகிதத்தில் பார்த்துவிடலாம். கான்கிரீட்டை எப்படிப் பார்ப்பது? உஷ்ணமான வறண்ட காலத்தில் அதைப் பத்து நாளாவது ஈரம் காயாமல் நனைத்து வைக்கவேண்டும். கோடையில் நீரை விலைக்கு வாங்கிக் கட்டுகிறவர் முதலில் சிக்கனம் பிடிப்பது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். பூச்சும் வர்ணமும் ஏறியபின் அதை யார் கண்டார்? கட்டடக் குறைகளை ஐந்து வருஷம் வரை விற்றவரே செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டிய வீட்டை அதில் பதிய வேண்டியதில்லை. நம் ஊர்த் தனி வீடுகள் பெரும்பாலும் இவ்வகையே. ஆகையால் வேலை செய்த கொத்தனாரைத் தேடி விசாரியுங்கள். முதல் மழை கழியட்டும்.

எதை வாங்கினாலும் விலையோடு செலவு முடிவதில்லை. 2023 மார்ச்சில் ஏற்பட்ட விகிதப்படி முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. பத்து லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம். இதை மறந்து முழுச் சேமிப்பையும் விலைக்கே கொடுத்தவர், ஓடு மாற்ற வட்டிக்கடைக்குப் போகிறார்.

அந்த அங்கத்தினரிடம் ஓட்டு வீடே மேல் என்றேன், ஒரு நிபந்தனையோடு. விசாரித்ததில் விற்பவருக்கு வெளியூரில் தமக்கை ஒருவர் இருப்பது தெரியவந்தது. அந்த அம்மாளும் பத்திரத்தில் கையெழுத்திடச் சம்மதிக்கும் வரையில், அவர் முன்பணம் கொடாமல் காத்திருக்கிறார்.