பால் வற்றிய பசுக்கள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில் திரும்பினால் திருவேற்காடு. கருமாரியம்மனைக் கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுபவர்கள் பலர். அங்கேயே வேதபுரீஸ்வரரும் இருக்கிறார். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று அவரை வழிபட்டதாகத் தலபுராணம். வேலப்பன்சாவடிக்காரனான எனக்கு வேதம் என்றால் நெடுங்காலம் அந்த மரக் கதையும் கும்பாபிஷேக ஒலிபெருக்கியும்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தேன். நம் தமிழ்ப் பதிப்புகளில் 'க' என்ற ஒரே எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு நான்கு ஒலிகளைக் காட்டியிருப்பார்கள். அதை நம்பி ஆரம்பித்துவிடலாம். ஆனால் உச்சரிப்புக்கு ஆசிரியர் வேண்டும். 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த மொகலாய இளவரசர் தாரா ஷுகோவே காசிப் பண்டிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், நான் எம்மாத்திரம்!

எடுத்தது கடோபநிடதம். நசிகேதன் எமனிடம் போன கதை. தமிழில் முன்பே படித்ததுதான். அப்போதெல்லாம் ஆன்மா பற்றிய பகுதிக்குத் தாவிவிடுவேன். இப்போது தாவ முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை பார்த்து, சந்தி பிரித்து நகர வேண்டும். அதனால் அந்தப் பசுக்களிடம் ஒரு மாலை முழுக்க நிற்க வேண்டியதாயிற்று. தந்தை யாகத்தில் தானம் கொடுக்கும் பசுக்கள்: இனி புல் மேயாது, தண்ணீர் குடிக்காது, பாலும் வற்றியது. உதவாததைக் கொடுத்துப் புண்ணியம் தேடும் அப்பாவைப் பார்த்து, "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று பையன் மூன்று முறை கேட்கிறான். எரிச்சலில் அவர் "எமனுக்கு" என்கிறார். தத்துவத்துக்கு முன்னால் இருப்பது ஒரு வீட்டுச் சண்டை!

எமன் வீட்டில் மூன்று இரவு பட்டினி கிடந்ததற்கு ஈடாக அவனுக்கு மூன்று வரம். முதல் வரமாக அவன் கேட்பது மோட்சம் அல்ல. அப்பாவின் கோபம் தணிய வேண்டும், திரும்பிப் போனால் அவர் தன்னை அடையாளம் கண்டு பேச வேண்டும். ஆன்ம விசாரத்தில் இறங்க இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இரண்டாவது வரத்தில் இருக்கிறேன். வேள்விக்கு எந்தச் செங்கல், எத்தனை, எப்படி அடுக்குவது என்று எமன் சொல்லிக்கொடுத்தான் என்கிறது மூலம், எண்ணிக்கையைச் சொல்லவில்லை. கேட்டதை நசிகேதன் அப்படியே ஒப்பித்தானாம். மகிழ்ந்த எமன் அந்த அக்னிக்கு அவன் பெயரையே வைத்துவிட்டான். எனக்கோ நேற்றைய வேற்றுமை உருபே இன்னும் மனப்பாடமாகவில்லை.