திருமண வீட்டில் விருந்தினர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களுக்கு அளித்த தலைப்போ, திருமணத்திற்கு வரும் விருந்தினரை ஓம்புவது எப்படி என்பது. இது சமையற்கட்டுச் செய்தியன்றோ எனச் சிலர் நகைக்கலாம். வள்ளுவர் தம் நூலின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கே ஒதுக்கினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறோம். நம் காலனியின் திருமணங்கள் பலவற்றில் பந்தி விசாரித்தவர்கள் நாங்கள். கற்றதும் உண்டு, தவறியதும் உண்டு. இரண்டையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர் வீட்டுத் திருமணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உறவினருள் பாதிப்பேர் எல்லைக்கு அப்பால் இருக்கின்றனர். 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணி இதனுள் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் அது சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. மேலும், சம்பந்தி வீட்டார் தெலுங்கராக இருப்பதும் இன்று இயல்பாகிவிட்டது. ஆகவே இங்கே விருந்தோம்பல் என்பது இரண்டு மொழிகளையும், இரண்டு பஞ்சாங்கங்களையும், இரண்டு நாக்குகளையும் ஒருங்கே அறிந்து செய்ய வேண்டிய பணி.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். கைப்பேசி பரவாத காலத்தில் நடந்தது இது. நம் காலனிப் பெண் ஒருத்திக்குத் தெலுங்குக் குடும்பத்தில் மணம். தெலுங்கர் வழக்கப்படி நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு முகூர்த்தம். தமிழ் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். "ஞாயிற்றுக்கிழமை இரவு 2-40" என்று போட்டோம். கடிகாரக் கணக்கில் அது சரியே. ஆனால் ஞாயிறு இரவு என்றால் ஞாயிறு பொழுது சாய்ந்த பின் வரும் இரவு என்றுதானே எவரும் கொள்வர்? திருத்தணிப் பக்கத்திலிருந்து வர வேண்டிய தாய்மாமன் அவ்வாறே கொண்டார். மணமகளைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரும் உரிமை அவருடையது. சனி இரவு முழுவதும் அப்பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் காத்திருக்கவில்லை, வேறொருவர் கைப்பிடித்து அழைத்து வந்தார். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, பட்டும் பழத்தட்டுமாகத் தாய்மாமன் மண்டபத்து வாசலில் வந்து நின்றபோது, உள்ளே அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முகத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. எத்தனை இலை போட்டோம், எத்தனை வகைக் கறி செய்தோம் என்பதெல்லாம் அந்தக் கணத்தில் வீணாகத் தோன்றியது.

தெலுங்கு அழைப்பிதழ்களில் "சனிவாரம் ராத்திரி, தெல்லவாரிதே ஆதிவாரம்" என்று எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு என்பது பொருள். பஞ்சாங்கப்படி ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. கடிகாரப்படி நள்ளிரவில் மாறுகிறது. ஆகவே இரவு முகூர்த்தமாயின் இரண்டு கிழமைகளையும் போடுங்கள். இன்ன நாள் மாலைக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

மாதக் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. நாம் சூரியனைக் கொண்டு மாதம் கணிக்கிறோம்; தெலுங்கர் சந்திரனைக் கொண்டு கணிக்கின்றனர். அவர்கள் ஆஷாடத்தைத் தவிர்த்துச் சிராவணத்தில் மணம் முடிப்பர். அந்தச் சிராவணம் பிறக்கும்போது நமக்கு ஆடி முடிந்திராது. நிச்சயத்தின்போதே இரு வீட்டுப் பெரியோரும் இரண்டு பஞ்சாங்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் பின்னர் மனத்தாங்கல் வராது.

நாள் குறிக்கும்போது திருப்பதியின் கூட்டத்தையும் எண்ண வேண்டும். புரட்டாசி பிரம்மோற்சவத்திலும் வைகுண்ட ஏகாதசியிலும் தங்க இடம் கிடைப்பது அரிது. 2025 ஜனவரி 8-ஆம் நாள், வைகுண்ட வாசல் தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதியில் கூடிய நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அத்தகைய நாள்களில் வயோதிகர்களை ஊருக்குள் அழைத்து அல்லலுறச் செய்தல் தகாது. கார்த்திகையில் மழையையும், சித்திரை வைகாசியில் வெயிலையும் கருதுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் மலைப்பாதையே சேதமுற்றது.

வரவேற்பு மண்டபத்து வாசலில் தொடங்குவதன்று. இரயில் நிலையத்தில் தொடங்குகிறது. சில வண்டிகள் திருப்பதிக்கு வாராமல் ரேணிகுண்டாவோடு சென்றுவிடும். சித்தூருக்கு வருவோருள் பலர் காட்பாடியில் இறங்குவர். எந்த வண்டியில், எந்த நிலையத்தில், எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். தெலுங்கு அறியாத பாட்டியார் ஒருவர் இரவில் ஆட்டோவுக்குப் பேரம் பேசித் திண்டாடுவது நம் வீட்டுக்கு அழகன்று. மண்டபத்தின் பெயரையும் முகவரியையும் இரு மொழியிலும் அச்சிட்ட சிறு சீட்டொன்றை அழைப்பிதழோடு அனுப்புவது நல்லது.

திருப்பதித் திருமணம் என்றதும் வருவோர் அனைவரும் பெருமாள் தரிசனத்தையும் சேர்த்தே எண்ணி வருவர். இங்கேதான் பல வீடுகளில் குழப்பம் நேர்கிறது. தரிசனத்துக்கு எத்தனை மணி நேரமாகும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. முகூர்த்தத்துக்கு முன் மலை ஏறியவர் முகூர்த்தத்தைக் காணாமற் போனதுண்டு. ஆகவே மணம் முடிந்த மறுநாளே தரிசனம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முந்நூறு ரூபாய்ச் சீட்டைத் தேவஸ்தானத்தில் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மலைப்பாதை மூடப்படும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

எளிய முறையில் மணம் முடிக்க விரும்புவோருக்குத் திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகை உண்டு. 2016 முதல் அங்கே கட்டணமின்றித் திருமணம் நடத்திவைக்கின்றனர். புரோகிதரும் மங்கல வாத்தியமும் அவர்களே. இரு வீட்டுப் பெற்றோரும் உடனிருத்தல் வேண்டும். நெருங்கிய உறவினர் மட்டும் மலைக்குச் சென்று, பின்னர் கீழே ஒருவேளை விருந்தளிப்பது கடன்படாத வழி.

கடன் என்றதும் நம் தலபுராணம் நினைவுக்கு வருகிறது. நாராயணவனத்தில் பத்மாவதித் தாயாரை மணக்கச் சீனிவாசப் பெருமாளே குபேரனிடம் கடன் வாங்கினார் என்றும், உண்டியற் காணிக்கை அதற்கு வட்டி என்றும் கூறுவர். பெருமாளுக்கு வட்டி கட்ட உலகமே வருகிறது. நமக்கு யார் வருவார்? நாமே அன்றோ கட்ட வேண்டும்!

செலவு பெருகுவது பெரும்பாலும் கணக்கின்மையால்தான். முந்நூறு விருந்தினர், மூன்று வேளை, தொள்ளாயிரம் இலை என்று சமையற்காரரிடம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வெளியூரிலிருந்து வந்து தங்குவோர் அறுபது பேராயின் அவர்களுக்கு மூன்று வேளைக்கு நூற்றெண்பது இலை. உள்ளூரார் இருநூற்று நாற்பது பேர் ஒருவேளை உண்பர். ஆக நானூற்றிருபது இலைதான். எதிர்பாராமல் வருவோருக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பலவகைப் பதார்த்தங்களுள்ள விருந்தில் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். 1960-களின் உணவுத் தட்டுப்பாட்டில் பல மாநிலங்களில் அரசே விருந்தினர் தொகைக்கு வரம்பு விதித்தது. இன்று அந்த வரம்பை நாமேதான் விதித்துக்கொள்ள வேண்டும்.

நூறு பேர் அமரும் கூடத்தில் முந்நூறு பேருக்கு மூன்று பந்தி. ஒரு பந்திக்கு முக்கால் மணி எனின், கடைசிப் பந்தியார் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பர். ஆகவே முதியோர், குழந்தைகள், நீரிழிவு உடையோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோரை முதற் பந்தியில் அமர்த்துங்கள். தெலுங்கு உறவினர் முதலில் பப்பும் நெய்யும் ஆவக்காயும் எதிர்பார்ப்பர். நம்மவர் சாம்பாரைத் தேடுவர். இரண்டும் இலைக்கு வரட்டும். அவர்கள் காரம் நம் குழந்தைகளுக்கு ஆகாது. காரமில்லாத கூட்டு ஒன்று அவசியம்.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. மணமகனுக்கு இருபத்தொன்று, மணமகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருத்தல் வேண்டும். ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டின் 1967-ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் ஆந்திரத்தில் செல்லாது. அம்முறையை விரும்புவோர் இங்கே 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. 1961-இலேயே வரதட்சணை தடை செய்யப்பட்டுவிட்டது; மணமக்களுக்கு வரும் பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு விதி. மொய் எழுதும் நோட்டில் சில பக்கங்களை அதற்கும் ஒதுக்கலாம்.

இனி அந்தத் தாய்மாமன். அவர் பசியோடு வந்திருந்தார், அடுப்புகள் அணைந்திருந்தன. அவருக்கு இட ஒரு பிடி சோறும் எங்களிடம் இல்லை. செய்தி சம்பந்தி வீட்டுக்கு எட்டியது. மணமகனின் தாயார், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர், மணமக்களை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்தார். "அன்னையா" என்று அவரை அழைத்து, தம் வீட்டுக்குக் கூட்டிச் சென்று, சோறும் பப்பும் புதிதாக ஆக்கித் தாமே பரிமாறினார். பின்னர் கூடத்தில் ஒரு பாய் விரித்து, பெண்ணை அறைக்குள் நிறுத்தி, மாமன் கைப்பிடித்து அழைத்து வரச் செய்தார். முகூர்த்தம் கடந்துபோயிருந்தது. ஆயினும் அவர் உரிமை அவருக்குக் கிடைத்தது.

கூடம் முழுவதும் அறிந்த எங்களுக்குத் தோன்றாதது அந்த அம்மையாருக்குத் தோன்றிற்று. நாங்கள் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் வந்தவரைப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத்தில் பந்தி விசாரிக்கப் போகும் நம் இளைஞர்கள் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டால் எங்கள் உரை பயன்பட்டதாகும்.