நிலத்தின் உயரம் எல்லோருக்கும் தெரியட்டும்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்துவந்து, இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இல்லாத அளவுக்கு, இந்த அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அரசாங்கம் ஓர் அளவை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அந்த எல்லைக்குள் வீடு கட்டலாகாது என்றார்கள். அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அதன் நியாய அநியாயங்களை இன்று கிளறுவது என் நோக்கமன்று. ஆனால் அது தூரத்தை மட்டுமே அளந்த விதி என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமுத்திர ஜலம் தூரத்தைப் பார்த்து நிற்பதில்லை; நிலத்தின் உயரத்தைப் பார்த்தே நிற்கிறது. மணல் மேட்டின் மீது இருந்த வீடும் பள்ளக்காணியில் இருந்த வீடும் அந்த அளவுநாடாவுக்கு ஒன்றாகவே தெரிந்தன. தம் காணி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டி வாதாட நம்முடைய ஜனங்களிடமும் யாதொரு ஆதாரமும் இருக்கவில்லை.

கடலை விட்டு மேற்கே திரும்பினாலும் அதே கதைதான். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரில் ஓதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் அடிபட்டுப்போனதை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பிள்ளைகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. மட்டம் பாராமல் எந்த வீதியும் போடப்படுவதில்லை. கருவியை முக்காலியில் நிறுத்தி, எதிரே ஒருவரை மட்டக்கோலைப் பிடிக்கச் செய்து, குறித்த தூரத்துக்கு ஒரு தடவை அளவெடுத்து, புத்தகத்தில் குறித்துக்கொண்ட பிறகே கல்லும் தாரும் வருகின்றன. எந்த இடத்தில் வீதி தாழ்கிறது, எந்த மதகடியில் வெள்ளம் முதலில் ஏறும் என்பதற்கான கணக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அக்கணக்கு இணையத்தில் ஒரு வரைபடமாக விரிக்கப்பட்டு, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்துக் காட்டப்படுமாயின், ஒரு சாரதி தன் கைத்தொலைபேசியைப் பார்த்து, இன்று இந்த வழியாகப் போகலாகாது என்று தானே தீர்மானிக்கலாம். பொதுப்பணத்தில் எடுத்த அளவு பொதுஜனத்தின் கைக்கு வரவேண்டும் என்பதே என்னுடைய வேண்டுகோளின் சாரம்.

ஆகாயத்திலிருந்து எடுத்த உயர அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். கிடைப்பது உண்மைதான். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடார் அலைகளால் உலகத்து நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளியாக அமைந்த அதன் நுண்ணிய பதிப்பை 2014இலிருந்து எல்லா நாடுகளுக்கும் திறந்துவிட்டார்கள். அது மகத்தான உபகாரம். எனினும் அந்த ராடார் அலை பல இடங்களில் தரையைத் தொடாமல் மரத்தின் தலையையும் கூரையையும் தொட்டுத் திரும்பிவிட்டபடியால், தென்னை அடர்ந்த நம்முடைய கரை போன்ற தாழ்நிலங்கள் உள்ளதைவிட உயரமாகப் பதிவாகியிருக்கின்றன. இந்தப் பிழையைத் திருத்திப் பார்த்தால், கடலேற்றத்தின் அபாயத்துக்கு உட்படுவோர் முன்னர் எண்ணியதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மலைநாட்டுக்கு இரண்டு மீற்றர்ப் பிழை அற்பம். நமக்கோ அது வாசற்படிக்கும் கூரைக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. விமானத்திலிருந்து ஒளித்துடிப்புகளை இறக்கி, இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொடச் செய்யும் லைடார் முறையினால் அங்குலக் கணக்கில் உயரம் அறியலாம். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் வெள்ளத்தைக் கணிப்பதற்காகச் சேர்த்த இத்தகைய அளவுகளை 2015இல் எல்லோருக்கும் இலவசமாக்கிற்று. அதைக்கொண்டு அங்குள்ள ஆர்வலர்கள் மண்ணுக்குள் மறைந்துகிடந்த ரோமானியர் காலத்து வீதிகளைக்கூடக் கண்டுபிடித்தார்கள். திறந்து வைத்தவர்கள் கனவிலும் எண்ணாத பிரயோசனம் அது!

இவ்விடத்தில் அறிஞர் அல்பிரூனியை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் இடந்தரவில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன், பஞ்சாபில் நந்தனா என்னும் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முதலில் அளந்து, அதன் உச்சியில் நின்று தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்று கோணம் பார்த்து, அவ்விரண்டையும் கொண்டு பூமியின் ஆரையை அந்த மகான் கணித்தார். கணித்த முறையையும் கண்ட அளவையும் நூலில் எழுதிவைத்தபடியால்தான், இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூட மாணவன் அதைச் சரிபார்க்க முடிகிறது.

இப்படி உயர அளவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டால் நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்று சிலர் அச்சம் தெரிவிக்கலாம். அந்நிய தேசத்துச் செயற்கைக்கோள்கள் நம் நிலத்தை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், மறைப்பதனால் அறியாமல் இருக்கப்போவது நாம் மட்டுமே. பக்கத்துத் தேசமாகிய இந்தியாவும் 2021 பெப்ரவரியில் நிலவரைபடத் தரவுகளின் மீதிருந்த கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது.

மற்றொரு விஷயமும் உண்டு. கரைவாகு வட்டையில் ஒரு வயலை மண் போட்டு நிரப்பினால், அங்கே தங்கியிருந்த மாரித் தண்ணீர் அயலவர் முற்றத்தைத் தேடிப் போகும். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் உள்ள மட்டம் பகிரங்கமாக இருந்தால், பாதிக்கப்படும் ஏழை பிரதேச செயலகத்தில் கண்ணீரோடு நில்லாமல் கணக்கோடு நிற்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கேட்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காணிக்காரரும் தனித்தனியே மனுப்போட்டு வாங்குவதற்கும், எல்லோரும் பார்க்கத் தயாராக இணையத்தில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே, இந்தச் சபை கலைவதற்கு முன் ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். 1800ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் நில அளவைத் திணைக்களமும், வீதி போடுவோரும், நீர்ப்பாசனத் திணைக்களமும், நமது மாநகர சபையும், பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை தம்மிடமுள்ள உயர அளவுகளை விலையின்றி ஓரிடத்தில் வெளியிடவேண்டும். நிபுணருக்கு மட்டுமே திறக்கும் கோப்பாக அல்லாமல், ஒரு மீனவர் தன் வளவைத் தொட்டவுடன், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர், அளந்த வருஷம் இன்னது, பிழை இவ்வளவு இருக்கலாம் என்று தமிழில் காட்டும் வரைபடமாக அது அமையவேண்டும். ஒலுவில் துறைமுகம் எழுந்த பின் அக்கரை அரிக்கப்பட்டு உருமாறியிருப்பதால், அங்கே மறுபடியும் அளக்கவேண்டும். எதிர்வரும் மாரிக்கு முன், மாவடிப்பள்ளி வீதியின் மட்டப் பதிவையாவது முதலில் வெளியிடச் செய்வோம்.