மூட்டுவலிக்காரர்கள் மறைக்கக் கூடாத இரண்டு

(நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு தாயார் நம்மிடம் உதவி கேட்டு வந்தார். முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. பல வருடமாக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். வயிறு எரிந்ததற்குத் தனி மாத்திரை. வறட்டு இருமலை, "விறகடுப்புப் புகைதானே" என்று விட்டுவிட்டார். குடத்தைத் தூக்கி நாலடி நடக்க மூச்சு வாங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்திருந்தது. மூன்றையும் ஒரே டாக்டரிடம் அவர் சொன்னதே இல்லை. முன்பு பணம் கொடுத்தபோது நாமும் கேட்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இன்று பேசுகிறோம்.

முடக்குவாதம் வெறும் மூட்டு நோய் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவது. அது நுரையீரலையும் தாக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து அதிகம்.

வயிற்றுக்கு வருவோம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் புண் உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தார்கள். உலகம் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வர வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கிருமிக்கும் முடக்குவாதக்காரர்களின் நுரையீரல் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்கள். இதுவரை நிரூபணமாகவில்லை. "கிருமியைக் கொன்றால் மூச்சுத்திணறல் தீரும்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை இவை:

சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்காதீர்கள். மலம் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், கொடுத்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றாலும் விட்டுவிடாமல், "எனக்கு முடக்குவாதம் இருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் சாப்பிடும்போது புதிதாக இருமல், மூச்சுத்திணறல் வந்தாலும் உடனே காட்டுங்கள்.

ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உட்கார்ந்து தொழுவதில் வெட்கமில்லை.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. போக வழியில்லாதவர்கள் நம்மிடம் வாருங்கள். இனிமேல் உதவி கேட்டு வருகிற ஒவ்வொரு மூட்டுவலிக்காரரிடமும் வயிறு எப்படி, மூச்சு எப்படி என்று நாம் கேட்போம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.