செவுளைத் தூக்கிப் பாருங்கள்!

தண்டையார்பேட்டைப் பெருமக்களே!

'தொலைக்காட்சி விளம்பரங்களால் குடும்பங்கள் அடைவது பயனா? ஏமாற்றமா?' என்பது தலைப்பு. ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். வேற ஊர் மேடைன்னா புத்தகத்தை வச்சுப் பேசுவேன். இது நான் பிறந்து வளர்ந்த ஊர். இங்கே என் வீட்டுக் கதையையே பேசலாம்.

எனக்கு முன்பு பேசிய சகோதரி கேட்டார்கள்: "விளம்பரம் இல்லேன்னா எது நல்ல பொருள்னு எப்படி ஐயா தெரியும்?" நல்ல கேள்வி. விளம்பரம் நமக்குப் புதிதல்ல. பட்டினப்பாலையைப் படித்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடையில் கொடி பறக்கிறது. அதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்தக் கொடி, 'இங்கே கள் கிடைக்கும்' என்று மட்டும் சொன்னது. 'இதைக் குடிச்சா உங்க பிள்ளை வகுப்பிலே முதல் ராங்க் வாங்குவான்'னு சொல்லலையே! (பலத்த சிரிப்பு)

அவ்வளவு தூரம் போவானேன்? இதோ பக்கத்திலே காசிமேடு. மீன் விற்கிற அம்மா கூவித்தான் விற்கிறாங்க. நாம கொஞ்சம் தயங்கினா என்ன சொல்றாங்க? "இன்னா சார் யோசிக்கிற? செவுளைத் தூக்கிப் பாரு!" செவுள் சிவப்பா இருந்தா மீன் புதுசு. வெளுத்திருந்தா பழசு. அந்த அம்மா கூவவும் செய்றாங்க, சோதிக்கவும் விடுறாங்க. நடுவர் அவர்களே! தொலைக்காட்சி விளம்பரம் கூவுகிறது, ஆனால் செவுளைத் தொட விடுவதில்லை. என் வாதமே அவ்வளவுதான். (கைதட்டல்)

1980களின் நடுப்பகுதி. எங்க தெருவிலே ஒரே ஒரு வீட்டிலேதான் டி.வி. அப்பாவுக்குத் துறைமுகத்திலே கூலி வேலை. என் தம்பி ரொம்ப ஒல்லி. அப்போ ஒரு விளம்பரம் வந்தது. பெயர் வேண்டாம். ஒரு பையன் ஒரு தம்ளர் குடிக்கிறான். அடுத்த நொடி, கதவு நிலையிலே போட்ட கோட்டைத் தாண்டி வளர்ந்து நிக்கிறான்! அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா தூங்கலை.

அடுத்த மாசத்திலிருந்து வீட்டுக்கு அந்த டப்பா வந்தது. காசு எங்கேயிருந்து வந்தது? வாரத்துக்கு மூணு நாள் வாங்கின நெத்திலி நின்னுபோச்சு. டப்பா தம்பிக்கு மட்டும்தான். தீர்ந்த பிறகு நானும் அக்காவும் டப்பாவிலே வெந்நீர் ஊத்தி, கலக்கிக் குடிப்போம். (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. நாங்களும் அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டுத்தான் குடிச்சோம்.

அம்மா எங்க வீட்டு நிலையிலே அடுப்புக்கரியாலே கோடு போட்டாங்க. ரெண்டு வருஷம்! தம்பி வளர்ந்தான். சரியா எங்க அப்பா உயரத்துக்கு வளர்ந்தான். அப்பா ஐந்தடி இரண்டு அங்குலம்! (பலத்த சிரிப்பு) இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. அம்மா அந்த டப்பாவைக் குறை சொல்லவே இல்லை. "நான்தான் பால் சரியா ஊத்தலை போலடா" என்று தன்னையே குறை சொன்னாங்க.

பல ஆண்டுகள் கழித்து, என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் விளம்பரப் பட இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். "ஐயா, ஒருநாள் வந்து பாருங்க"ன்னு அழைச்சுக்கிட்டுப் போனார். போனால், அதே மாதிரி ஒரு சத்துபானம்!

முதலிலே கம்பெனிக்காரர், இதை யாருக்கு விற்கணும் என்று சொல்லுவார். விளம்பர நிறுவனம் அதற்கு ஒரு கதை எழுதும். இயக்குநர் அதைச் சித்திரக்கதை மாதிரி கட்டம் கட்டமாக வரைந்துகொள்வார். திரைச்சீலை என்ன நிறம், அம்மா என்ன புடவை, தம்ளர் எந்தக் கையிலே என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் காமிரா ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 படம். 30 விநாடி விளம்பரம் என்றால் 750 படம். அந்த 750-இல் ஒன்றுகூடத் தற்செயலாக வந்ததில்லை!

அடுப்பங்கரைக்கு மூணே சுவர். ஜன்னல் வெயில் ஒரு விளக்கு. அம்மாவும் பிள்ளையும் அன்னைக்குக் காலையிலேதான் அறிமுகம். பானத்திலே ஆவி பறக்குதே? பின்னாலே ஒருத்தர் புகை ஊதுறார். "இது என்னப்பா?"ன்னு கேட்டேன். மாணவர் சொன்னார்: "ஐயா, இந்தத் தொழிலிலே ஐஸ்கிரீம் என்பது மசித்த உருளைக்கிழங்கு. பழத்து மேலே இருக்கிற பனித்துளி கிளிசரின்." பையன் ஒவ்வொரு தடவையும் குடிச்சுட்டு, சிரிச்சுட்டு, காமிரா நின்னதும் பக்கத்து வாளியிலே துப்பினான். அதுவும் போகட்டும். கோட்டைத் தாண்டி வளரணுமே? முதலிலே நின்னவன் தம்பி. அடுத்து வந்து நின்னவன் அவனுடைய சொந்த அண்ணன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அன்று நாங்கள் பார்த்த விளம்பரத்தை எப்படி எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அண்ணன் தம்பியைப் பார்த்தபோது எனக்கு எங்க வீட்டுக் கரிக்கோடு ஞாபகம் வந்தது.

திறமையை நான் குறை சொல்லவில்லை. 1992இல் 'ரோஜா' வருவதற்கு முன்பே ஏ.ஆர். ரகுமான் விளம்பரங்களுக்கு இசையமைத்தவர். இந்தத் திறமை நல்லதும் செய்திருக்கிறது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களை வீடுவீடாகச் சொன்னதும் விளம்பரம்தான். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அங்கே செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு. அதனால் அந்த விளம்பரத்துக்குத் தலைவணங்குகிறேன்.

எதிரணி நண்பர் சொன்னார்: "அதான் சட்டம் இருக்கே ஐயா!" இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. நடித்த நட்சத்திரத்துக்கும் ஓராண்டு வரை விளம்பரத் தடை போடலாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய வணிக நிறுவனங்களிடம் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னது. ஏன்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலே அப்படி ஒரு வகைக்கு வரையறையே இல்லை! நண்பரே, வீட்டுக்குப் பூட்டு எதுக்குப் போடுறோம்? திருடன் இருக்கிறான் என்பதால்தானே? சட்டம் இருக்கு என்று நீங்கள் சொன்னதே, ஏமாற்று இருக்கு என்பதற்குச் சாட்சி! (கைதட்டல்)

தாய்மார்களே! டி.வி.யை உடைக்கச் சொல்லவில்லை. அடுத்த தடவை விளம்பரம் வரும்போது பிள்ளையைப் பக்கத்திலே உட்கார வைத்துக் கேளுங்கள்: 'இந்த வெயில் எங்கேயிருந்து வருது? இந்த அம்மா யாரு? கீழே ஓடுற பொடி எழுத்திலே என்ன இருக்கு?' அந்த மூணு கேள்வியும் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மூணு விரல். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, எவ்வளவு சர்க்கரை என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை வளருதோ இல்லையோ, அறிவு வளரும்.

அன்று மாலை படப்பிடிப்பிலிருந்து திரும்பி, அந்த அண்ணன் தம்பி கதையை அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கலை. ரொம்ப நேரம் நிலைக்கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க:

"அப்போ நான் பால் சரியாத்தான் ஊத்துனேனாடா?"

நடுவர் அவர்களே! ஒரு தாய் இத்தனை வருஷம் தன் மேலேயே சுமந்த குற்றத்தை இறக்கி வைத்து, 'ஏமாற்றமே' என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன்.

(நீண்ட கைதட்டல்)