சூலகச் செயலிழப்பும் கொடிவழியும்: தலைமை உரை



தாயின் கருவில் ஐந்தாம் மாதத்தில் ஒரு பெண் சிசுவின் சூலகங்களில் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். இந்தக் கையிருப்பு 40 வயதுக்குள் தீர்ந்துபோவதோ, இருந்தும் முட்டைகள் முதிராமல் நிற்பதோ நூற்றில் ஒரு பெண்ணுக்கேனும் நேர்கிறது.

இந்தச் சூலகச் செயலிழப்புக்குக் காரணங்கள் பல. டர்னர் நோய்க்குறியில் ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லை என்பது 1959-லேயே தெரிந்துவிட்டது. இரத்த உறவில் மணம் செய்த ஒரு மேற்காசியக் குடும்பத்தில் ஸ்டாக்3 மரபணுவின் பிழை காரணம் என்று 2014-இல் தெரியவந்தது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் ஊரில் அந்த ஆய்வைப் புரட்டிவிட்டுப் போய்விட முடியாது.

ஆனாலும் நான் பேச வந்தது எஃப்.எம்.ஆர்.1 பற்றி. இந்த மரபணுவில் சி.ஜி.ஜி. என்னும் மூன்றெழுத்து வழக்கமாக முப்பது முறை அளவில் அடுக்கி வரும். 200-ஐத் தாண்டினால் அது முழு மாற்றம், மரபணு அடங்கிவிடும். ஆண் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறையும். 55-க்கும் 200-க்கும் இடைப்பட்டது முன்மாற்றம். சூலகத்துக்கு ஆபத்து முழு மாற்றத்தால் அல்ல, இந்த இடைநிலையால்தான். முன்மாற்றமுள்ள பெண்களில் ஐவரில் ஒருவருக்குச் சூலகம் முன்கூட்டியே ஓய்கிறது.

இந்த முன்மாற்றத்தைத் தன் மகள்கள் எல்லோருக்கும் தருபவர், பிள்ளைப்பேற்றில் குறையேதும் இல்லாத தந்தையாக இருக்கலாம். மலடி என்ற பழியோ மகளுக்கு. அறுபதில் அதே முன்மாற்றத்தால் தந்தைக்குக் கை நடுங்கி நடை தள்ளாடுகிறது. நரம்பியல் பிரிவுக்குப் போகிறார். மகள் மகப்பேறு மருத்துவரிடம் போகிறாள். அது முழு மாற்றமாக நீண்டதால் அவள் அக்காவின் பையனுக்குப் பேச்சு வரவில்லை. குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். மூன்று கோப்புகளும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை.

“தானமுட்டை வைக்கப்போகிறோம், காரணம் தெரிந்து என்ன?” என்று கேட்கும் சகாக்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சோதனையில் முன்மாற்றம் தெரிந்தால், இருபத்து நான்கு வயதுத் தங்கைக்கு முட்டைகளை உறையவைக்க இன்னும் நேரமிருக்கும். சூலகம் ஓய்ந்த பெண்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை தாமாகவே கருத்தரிக்கவும் செய்கிறார்கள். அந்தக் கருவில் முன்மாற்றம் முழு மாற்றமாக நீளக்கூடும்.

இன்னொன்று. மரபணுக்களின் குறியீட்டுப் பகுதிகளைப் படிக்க, பெருந்தொகை கொடுத்துச் செய்யும் எக்ஸோம் பரிசோதனை இந்த சி.ஜி.ஜி. அடுக்கைச் சரியாக எண்ணாது. ‘பிழை இல்லை’ என்று வரும் அறிக்கையை நம்பிக் கோப்பை மூடிவிடாதீர்கள், எஃப்.எம்.ஆர்.1-க்கெனத் தனிச் சோதனை கேளுங்கள். அதற்கும் முன்னால், காசில்லாமல் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன: அம்மாவுக்கும் சித்திக்கும் எந்த வயதில் மாதவிடாய் நின்றது? அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா?

கொடிவழி வரைவதற்கான படிவம் ஒன்றை மரபியல் ஆலோசகர்கள் பிற்பகலில் முன்வைக்கிறார்கள். பெண்ணின் தந்தைக்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.